செய்தித்தாள் ஓரத்தில் ஒரு வகுத்தல்

2023 மார்ச் 20, திங்கட்கிழமை. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் டிவிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட் வாசித்துக்கொண்டிருந்தார். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய், செப்டம்பர் 15 முதல், ஒதுக்கீடு 7,000 கோடி. பெஞ்சில் இருந்த கரைவேட்டிக்காரர் கிளாஸை டொக்கென்று வைத்தார்.

"சொன்னோம், செஞ்சோம்ல!"

"முன்னாடி 'தகுதி வாய்ந்த'ன்னு ஒரு வார்த்தை போட்டாரே, அது காதுல விழலையாண்ணே?" கேட்டவர் வேட்டியிலும் கரை உண்டு. நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று கூடுதல்.

எல்லாருக்கும் வரும் என்றார் இவர். ஒருத்தருக்கும் வராது என்றார் அவர். பட்டாணி வெடிப்பதுபோல் நடந்தது வாக்குவாதம். இரண்டு பேர் வாயிலும் ஒரு எண்கூட வரவில்லை.

பெஞ்சின் ஓரத்தில் பெரியவர் ஒருவர். சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் கடைசித் தலைமுறை. செய்தித்தாளை மடித்து, அதன் ஓரத்தில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்ப்பது தப்புதான், பார்த்தேன். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை 7 மாதம். 7,000 கோடியை ஏழால் வகுத்தால் மாதம் 1,000 கோடி. தலைக்கு ஆயிரம் என்றால் 1 கோடி பேர். அதற்குக் கீழே '2 கோடி கார்டு' என்று எழுதிக் கோடு இழுத்தார். மாநிலத்தில் ரேஷன் கார்டுகள் அதற்கும் மேல். ஆக, பாதி வீட்டுக்குக்கூட எட்டாது.

தகுதி எது என்ற விதிகள் ஜூலையில்தான் வந்தன. எத்தனை பேருக்குத் தகுதி என்பதை அந்த 7,000 கோடி மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. டிவியில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கத்துகிற நேரத்தில் வகுக்க யாருக்குத் தோன்றும்?

பேச்சு பற்றாக்குறைக்குத் தாவியது. "வருவாய்ப் பற்றாக்குறையை முப்பதாயிரம் கோடிக்கு இறக்கிட்டோம், தெரியும்ல?" பெரியவர் இந்த முறை எழுதவில்லை, சிரித்துக்கொண்டார். 2022-23க்கு முந்தைய மார்ச்சில் போட்ட மதிப்பீடு 52,781 கோடி. அன்று வாசித்தது திருத்திய மதிப்பீடு, 30,476 கோடி. ஆண்டு முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. முடிந்த கணக்கு அடுத்த பட்ஜெட்டோடு வந்தது: 36,215 கோடி. அந்த எண்ணுக்காக அந்தக் கடையில் யாரும் கிளாஸைத் தட்டி நான் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் ஆயிரம் ரூபாய்த் திட்டம் தொடங்கியது. பயனாளிகள் 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம். டீ மாஸ்டர் தன் வீட்டம்மாவின் போனையே கடைக்குக் கொண்டுவந்து, பணம் ஏறிய மெசேஜை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். 'செஞ்சோம்ல' சொன்ன கரைவேட்டிக்காரர் வீட்டில் கார் நிற்கிறது; கார் இருந்தால் தகுதி இல்லை. அன்று அவர் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

"சார், உங்க வீட்ல வந்துச்சா?" என்று மாஸ்டர் பெரியவரிடம் கேட்டார்.

"நமக்கு பென்ஷன் வருதேப்பா. அவளை நான் மார்ச்சிலயே கழிச்சுட்டேன்" என்றவர், டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னார்.