இரைச்சல் எங்கிருந்து வருகிறது

தூத்துக்குடியிலிருந்து ஓட்டப்பிடாரம் போகும் வழியில் கரிசல் காடு தொடங்கியதும் காற்றின் பிசுபிசுப்பு குறைந்துவிடுகிறது. என் மடியில் ஓர் அலுமினியப் பெட்டி. இசைத்தட்டு கேட்பதற்காக நானே வரைந்து, நானே ஈயம் வைத்துக் கட்டிய வால்வு பிரீஆம்ப்ளிபயர். பாட்டு ஓடும்போது குறை சொல்ல முடியாது. பாட்டு நின்றதும் வண்டு முரல்வதுபோல ஓர் இரைச்சல் மிஞ்சும். மூன்று மாதமாக அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஓட்டப்பிடாரத்தில் ஒரு மைக் செட் மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

பட்டறைக்குள் கூம்புக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் குழாய் கட்டி வளர்ந்த தலைமுறைக்கு வால்வு செட் மேல் தனிப் பிரியம். பெரியவர் சிறுவயதில் குழாய் சுமக்கத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தாராம். மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பழைய வால்வுகள். அவற்றில் சில பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பு. அங்கே 1961-இல் வால்வு உற்பத்தி தொடங்கியது. அது நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. இன்று புது வால்வு வேண்டுமென்றால் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்றுதான் போக வேண்டும். கடற்கரைப் பக்கத்து செட் வந்தால் முதலில் சாக்கெட்டைத்தான் பார்ப்பாராம். உப்புக்காற்றில் பின்கள் பச்சை பூத்துவிடும்.

என் வரைபடத்தை விரித்தேன். காந்த முள் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். இ.சி.சி.83 வால்வின் ஒரு பாதி, பிளேட்டில் 100 கிலோ ஓம், கேதோடில் 1.5 கிலோ ஓம், அதன் மேல் ஒரு கண்டன்சர் என்று அமைத்தால் ஏறத்தாழ 60 மடங்கு பெருக்கும். கேதோடு கண்டன்சரை எடுத்துவிட்டால் அதில் பாதிதான் கிடைக்கும். இரண்டு பாதிகளையும் அடுத்தடுத்து வைத்தால் 3600 மடங்கு. இசைத்தட்டில் தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்தும் உயர்ந்த சுருதி ஒலியைக் கூட்டியும் பதிக்கிறார்கள். கேட்கும்போது அதை நேர் செய்யும் வடிகட்டி, நடு ஒலியில் பத்தில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். மிச்சம் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வரும், அது தாராளம். ஆனால் அதே வடிகட்டி, 50 ஹெர்ட்ஸில் வரும் எதையும் நடு ஒலியைவிட ஏழு மடங்கு தூக்கிவிடும். அதனால் பிலமெண்ட் வயர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி, அதை முறுக்கி, மூலையோடு ஒட்டி, என்னென்னவோ செய்து பார்த்திருந்தேன்.

அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது பிலமெண்ட் இல்ல தம்பி. அது இதவிடக் கனமா, அடித்தொண்டையில இரையும். இது கரகரன்னு வருது பாத்தியளா? பில்டர் கண்டன்சர் எர்த்து வழியா ஏறுது."

பிலமெண்ட் ஹம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிபயர் போடுவது 100. புத்தகத்தில் நானும் படித்ததுதான். என் காதுக்கு மட்டும் அது எட்டவில்லை.

பெட்டியைக் கவிழ்த்தார். முதல் வேலையாக, ஒரு ரெசிஸ்டரை வைத்துக் கண்டன்சரிலிருந்த மின்னேற்றத்தை இறக்கினார். சுவிட்சை அணைத்த பிறகும் 250 வோல்ட் அதில் தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதும். அப்புறம் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு செம்புக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். எல்லா எர்த்தையும் நான் வரிசையாக இணைத்த கம்பி.

அந்தக் கம்பியில் கண்டன்சரை நிரப்பும் மின்சாரம் நொடிக்கு நூறு முறை துள்ளித் துள்ளி ஓடுகிறது. ஒவ்வொரு துள்ளலும் 50 மில்லி ஆம்பியர், கம்பியின் தடை நூறில் ஒரு ஓம் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிவோல்ட் பிறக்கிறது. முள் தருவதே ஐந்துதான். அதே கம்பியில்தான் முள்ளின் எர்த்தையும் கட்டியிருந்தேன். தாளில் எர்த்து என்பது எங்கே போட்டாலும் ஒரே குறி. தகரத்தில் அது ஒவ்வொரு அங்குலத்துக்கும் வேறாகிறது. டிசைன் என்றால் ரெசிஸ்டர் மதிப்புகளைக் கணக்கிடுவது என்று நினைத்திருந்த எனக்கு, எந்த மின்சாரம் எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதே பாதி டிசைன் என்று அன்றுதான் பிடிபட்டது.

டிரான்ஸ்பார்மரின் நடுக்கம்பியை நேரே முதல் கண்டன்சரின் காலில் கட்டினார். அங்கிருந்து ஒரே ஒரு கம்பி மேலே போனது. முள்ளின் எர்த்து, கிரிட் ரெசிஸ்டர், கேதோடு ரெசிஸ்டர் மூன்றையும் வால்வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியில் கூட்டி, அந்த இடத்தில் மட்டும் பெட்டியோடு சேர்த்தார். வீட்டு எர்த்து வயரைத் தொடவில்லை. "அது உசிருக்குக் கட்டுனது. இரையுதுன்னு அத அத்துவிடக் கூடாது, சொல்லிட்டேன்."

வேலை நடக்கும்போது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. இந்த ஊரில் பிறந்த வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது 1906. அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் வால்வுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை, இன்றைய கிரிட்டை, நுழைத்ததும் அதே ஆண்டு. சொன்னேன். "அப்படியா!" என்று கையிலிருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வால்யூமை முழுக்கத் திருப்பினோம். வண்டு இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டினால் மணல் சரிவதுபோல மெல்லிய ஓசை மட்டும்.

"ரிக்கார்டு போடட்டுமா அண்ணாச்சி?"

"பொறுங்க." விரல் நகத்தால் வால்வைச் சுண்டினார். ஸ்பீக்கர் டிங் என்றது. "இது பாடுது. முதல் இடத்துல இத வைக்கக் கூடாது."

டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிச் சுண்டி, நான்காவதில் நின்றார். பிறகு என் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எர்த்துக் குறி இருந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் 1, 2, 3 என்று எண் போட்டுத் தந்தார்.