மூன்று மணி நேரத் தொலைவில் இருட்டு

ஓசூரில் நின்றுகொண்டு ஊராருக்கு நட்சத்திரம் காட்டக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 2024 டிசம்பரில் நாங்கள் அதைச் செய்தோம். பெங்களூரு நண்பர்கள் இருவர், நான், ஒரு பள்ளி மைதானம், எட்டு அங்குல டாப்ஸோனியன் தொலைநோக்கி. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வானம் ஆரஞ்சாகப் பழுத்திருந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் சீருடையோடு வந்து வரிசையில் நின்றார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதுவானாலும் கண்ணை வைத்ததும் வந்தது ஒரே சத்தம்தான்: "அப்பா!"

சனியின் வளையம் அப்போது நூலாய் மெலிந்திருந்தது. பக்கத்தில் மங்கலாக ஒரு புள்ளி, சனியின் துணைக்கோள். "அது டைட்டன்" என்றேன்.

"எங்கப்பா வேலை செய்யற டைட்டனா அங்கிள்?" என்றான் ஒரு பையன். சிரித்து முடிக்கும் முன் அடுத்த கேள்வி: "மத்த நட்சத்திரமெல்லாம் எங்க?"

அதற்குப் பதில் காவலூர் வான் ஆய்வகத்தில் இருந்தது. 2025 மார்ச் 1, சனிக்கிழமை, அவனையும் அவன் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டேன். கிருஷ்ணகிரி, பர்கூர், வாணியம்பாடி. ஆலங்காயம் தாண்டியதும் ஜவ்வாது மலைக்காடு.

இரவு வானுக்குக் கொடைக்கானல் மேகம் ஒத்துவராது என்று வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம் இது. 1972இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதற்குக் காத்திருந்தது. கோள் வந்து சேரும் முன்பே நட்சத்திரம் ஒருகணம் மங்கியது. புதிய துணைக்கோளோ என்று நினைத்தார்கள், ஆனால் அது யுரேனஸின் வளையம். 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கிக்கு 1986இல் பாப்புவின் பெயரையே வைத்தார்கள். அவர் 1982இலேயே காலமாகிவிட்டார்.

இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். அவன் கேட்கவில்லை, அண்ணாந்து நின்றிருந்தான். மேற்கே பிறையும் வெள்ளியும் இறங்கிக்கொண்டிருந்தன. பிறையின் மீதி வட்டம்கூடச் சாம்பலாய்த் தெரிந்தது. உச்சிக்கு அருகே வியாழன், அதற்கும் மேற்கே கார்த்திகைக் கூட்டம். ஓசூரில் நான் நாலுக்கு மேல் எண்ணியதில்லை, இங்கே ஏழு. தெற்கே அகத்தியர். லண்டனில் எழவே எழாத நட்சத்திரம், நமக்கு 25 பாகை உயரத்தில், அசையாமல். இவ்வளவு தூரம் வந்து தொலைநோக்கியை மறந்து நின்றதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

அப்பா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "சார், இதெல்லாம் தினமும் எங்க ஊர் மேலயும் இருக்குதா?"

"இருக்குது."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது பையன் பின்சீட்டில் தூங்கிப்போனான். சூளகிரி தாண்டியதும் விழித்து, கண்ணாடி வழியே மேற்கே பார்த்தான். அடிவானம் வெளுத்திருந்தது.

"விடிஞ்சிருச்சா?"

மணி பதினொன்று. "ஓசூர்டா" என்றார் அப்பா.