ஜரிகைக்குத்தான் விலை

மும்பை மாட்டுங்காவில் பூக்கடைகளும் பட்டுக்கடைகளும் நெருக்கியடிக்கும் பகுதி பண்டார்கர் ரோடு. சுற்றியுள்ள தமிழ் வீடுகளின் பீரோக்களில் பாட்டிகளின் ஒன்பது கஜப் புடவைகள் மடிப்பு மடிப்பாக இற்றுக் கிடக்கின்றன. பழம்புடவை வாங்குபவர் ஜரிகைக்குத்தான் விலை சொல்வார். புடவையை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள், பட்டு சாம்பல்.

இன்னொரு வழி மராட்டிய அண்டைவீட்டில் இருக்கிறது: கோதடி. பழம்புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்ட போர்வை. வழக்கமாகப் பருத்தியில் தைப்பது. பட்டுக்குப் பக்குவம் வேண்டும். இற்ற மடிப்புகளை வெட்டி நீக்கி, மிச்சத் துண்டுகளுக்கு அடியில் மல்மல் கொடுத்து, மெல்லிய ஊசியால் தைக்க வேண்டும். பட்டில் விழுந்த துளை மறையாது. ஜரிகைக் கரை ஓரத்தில் இருந்தால் உடம்பில் குத்தாது. கூறைப்புடவையைப் பேத்தி போர்த்திக்கொள்ளலாம்.