உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்

டெக்சாஸின் எல் பாசோ வட்டாரத்தில் கைத்துப்பாக்கிக்குத் தோல் உறை தைக்கும் ஒரு பட்டறையில், அளவு நாடாவைவிட அதிகம் உழைக்கும் சாமான் ஒரு இருக்கை. பழைய பிக்கப் வண்டியிலிருந்து கழற்றியது. பலகையில் முடுக்கி, ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டையும் அப்படியே பொருத்தி வைத்திருக்கிறார்கள். உறை கேட்டு வருகிறவரைப் பட்டறைக்காரர் முதலில் அதில் உட்காரச் சொல்கிறார். நிற்கும்போது எந்த உறையும் சுகமாகத்தான் இருக்கும், உட்கார்ந்தால்தான் குட்டு வெளிப்படும் என்பது அவர் கட்சி.

டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயது நிரம்பியவர் உரிமம் வாங்காமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். வெளியே தெரியும்படி வைத்தால் மட்டும் அது உறைக்குள் இருக்க வேண்டும். எனக்குத் துப்பாக்கி ஆசையும் இல்லை, இந்தச் சட்டத்தின் மேல் மரியாதையும் இல்லை. தோல் வேலை பார்க்கத்தான் போனேன். சேணம் தைத்த கைகளே உறையும் தைத்த ஊர் எல் பாசோ. எல் பாசோ சாட்லரி என்ற சேணக் கடை 1889-லிருந்து இருக்கிறது. சாம் மையர்ஸ் என்ற பெயர்பெற்ற சேணக்காரர் 1920-ல் ஸ்வீட்வாட்டரிலிருந்து இங்கே கடையை மாற்றிக்கொண்டு வந்தார். நான் போனது அந்தப் பெரிய பெயர்களில் ஒன்றல்ல. மூன்று பேர் வேலை செய்யும் சின்ன இடம்.

அன்று வந்திருந்தவர் மாட்டுப் பண்ணைக்காரர், அறுபதைத் தாண்டியவர். வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் பொதுவாக வலது இடுப்பில்தான் துப்பாக்கி வைப்பார்கள். அங்கிருந்து உருவ வேண்டுமானால் முழங்கை பின்னுக்குப் போய் மேலே ஏற வேண்டும். அவர் தோள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கிராஸ் டிரா கேட்டு வந்திருந்தார். இடப்பக்க வயிற்றோரம், பிடி வலக்கையைப் பார்த்தபடி உறை உட்காரும். கை உடம்பின் குறுக்கே போய் உருவும். தோள் மேலே ஏற வேண்டியதில்லை.

ஆனால் இடப்பக்கம் என்றால் எந்த இடம்? தொப்புளைப் பன்னிரண்டு மணி என்றும் இடது இடுப்பெலும்பை ஒன்பது என்றும் வைத்துக்கொள்கிறார்கள். பட்டறைக்காரர் நீலப் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைத் துப்பாக்கியை மாதிரி உறையில் செருகி, ஒன்பதில் மாட்டினார். நிஜத் துப்பாக்கி எதுவும் அந்த மேசைக்கு வருவதில்லை. பண்ணைக்காரரின் கை தொப்பையைத் தாண்டி எட்டுவதற்குள் உடம்பே திரும்பிவிட்டது. பதினொன்றுக்கு நகர்த்தினார். கை சுலபமாக எட்டியது. இருக்கையில் உட்கார்ந்ததும் குழாய் தொடை மடிப்பில் முட்ட, பிடி விலாவுக்கு அடியில் ஏறிக் குத்தியது. "குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டுங்கள்" என்றார் பட்டறைக்காரர். பாதியிலேயே அவர் முகம் சுளித்தது. பத்தரைக்கு வந்தபோது பிடியின் குத்தல் போயிற்று. குழாய் முட்டுவது மட்டும் கொஞ்சம் மிச்சம்.

அந்த மிச்சத்தைத் தீர்ப்பது சாய்வு. பிடியை வலப்பக்கமாகச் சாய்த்துத் தைத்தால் குழாய் முனை இடப்பக்கம் விலகும், தொடை தப்பிக்கும். இந்த இடத்தில்தான் வேலை சிக்கலாகிறது. சாய்வு கூடக் கூட முனை தரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கத் தொடங்குகிறது. பல பயிற்சித் திடல்களில் கிராஸ் டிராவுக்கு அனுமதி கிடையாது. காரணம் இதுவே: உருவி எடுக்கும்போது குழாய் முனை இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் அத்தனை பேரையும் தடவிக்கொண்டு வரும். பழைய மேற்கத்திய பாணிப் போட்டிகளில் அனுமதிக்கிறார்கள். ஆனால் உருவுவதற்கு முன் இடது இடுப்பை இலக்கின் பக்கம் திருப்பிக்கொண்டாக வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. பிடி முன்னால் துருத்தி நிற்பதால், எதிரில் நிற்பவன் கைக்கும் அது வாகாக இருக்கும். சுகம் என்ற ஒரே தராசில் இதை நிறுக்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. பட்டறைக்காரர் இருக்கையில் உட்கார வைப்பதும் சுகத்துக்காக மட்டும் இல்லை.

அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்கு முதலில் புரியவில்லை. "வண்டியை யார் ஓட்டுவது?"

அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம். சீட் பெல்ட்டின் பூட்டு அவர் வலது இடுப்பருகே வந்து விழும். வலப்பக்கம் வைத்த துப்பாக்கி அந்தப் பூட்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். இடப்பக்க வயிற்றோரம் என்றால் கைக்குத் தடையில்லை, குழாய் முனையும் கதவுப் பக்கம் போகும். அதே ஆள் அடுத்த இருக்கைக்கு மாறினால்? அவருக்கு இடப்பக்கத்தில் இருப்பது ஓட்டுநர்.

குதிரையும் சேணமும் உட்காரும் சமாச்சாரம்தான். அங்கேயும் பிடி முன்பார்த்து நிற்கும் வைப்பு அந்தக் காலத்தில் சாதாரணம். அமெரிக்கக் குதிரைப் படையினர், இடப்பக்கம் வாள் தொங்கியதால், துப்பாக்கியை வலது இடுப்பில் பிடி முன்பார்க்க வைத்தார்கள். அந்தக் காலத்துப் பேர்போன துப்பாக்கிக்காரர் வைல்ட் பில் ஹிக்காக் இரண்டு கோல்ட் நேவி ரிவால்வர்களையும் பிடி முன்னோக்கியே செருகியிருந்தார். அவற்றின் குழாய் ஏழரை அங்குலம். அவ்வளவு நீளத்தை நேராக மேலே இழுப்பதைவிடக் குறுக்கே இழுப்பது எளிது. 1876 ஆகஸ்ட் 2 அன்று டெட்வுட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து சுட்டுவிட்டார்கள். எந்த வைப்பும் அதற்கு உதவாது. தொடையில் தாழத் தொங்கும் உறை, மின்னல் வேக உருவல் எல்லாம் பெரும்பாலும் ஹாலிவுட் சரக்கு. உலோகத் தகடு வைத்த உறை செய்து நடிகர்களுக்கு உருவப் பயிற்சி கொடுத்த ஆர்வோ ஓயாலாவிடமிருந்து 1950களில் அது பரவியது. இயக்குநர் கர்ணனின் தமிழ்க் கௌபாய் படங்களில் ஜெய்சங்கர் குதிரையிலிருந்து குதித்ததைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. நிஜக் கௌபாய்களின் உறை இடுப்போடு ஒட்டி உயரத்தில்தான் இருந்தது.

சாய்வு இருபது பாகை என்று முடிவானதும் வேலை பின்கட்டுக்குப் போனது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத் தோல், மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். குரோமியத்தில் பதனிட்டது இதற்கு ஆகாது. நனைத்து அழுத்தினால் வடிவம் நிற்காது. வெட்டுபவர் இளைஞர். தோலின் முதுகுப் பகுதியை மட்டும் எடுக்கிறார், வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இழுபடும் என்று ஒதுக்கிவிடுகிறார். தைப்பவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மெக்சிகோ வழி அம்மா. நீளமான தையல்களை இயந்திரத்தில் ஓட்டிவிடுவார். விசைக் காப்பைச் சுற்றி வரும் வளைவை மட்டும் இரண்டு ஊசிகளில் மெழுகு நூல் கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் இழுத்துக் கையால் தைக்கிறார். ஒரு பக்க நூல் அறுந்தாலும் மறு பக்கம் தாங்கும். விசை முழுக்கத் தோலுக்குள் மறைந்திருக்க வேண்டும், சட்டை நுனிகூட உள்ளே புகக் கூடாது என்பதில் அந்த அம்மா கறார். எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அந்த வளைவு தளர்ந்தால் பிரித்துவிடுவார். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒன்றைப் பிரித்தார். வெட்டிய இளைஞர் எதுவும் பேசவில்லை.

தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, நீலப் பொம்மையை உள்ளே திணிக்கிறார்கள். பிறகு வழவழப்பாகத் தேய்ந்த எலும்புத் துண்டால் தோலை அழுத்தி அழுத்தித் துப்பாக்கியின் மேடு பள்ளங்களை வெளியே வரவழைக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் மூட்டில் வீங்கியிருக்கின்றன. காயவைப்பது மிதமான சூட்டில். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் அப்பளமாக நொறுங்கும். ஓரங்களை மெழுகு தடவித் தேய்த்து மெருகேற்றுவது இளைஞரின் வேலை.

விமான உட்புறங்களுக்காக 1960களில் வந்த கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அமுக்கினால் சீக்கிரமே ஒரு உறை தயாராகிவிடும். பாதி வாடிக்கை அங்கே போய்விட்டது என்று பட்டறைக்காரரே சொன்னார். உட்கார்ந்தே பிழைக்கிறவர்களும் தோள் கெட்டவர்களும்தான் இன்னும் தோலுக்கு வருகிறார்களாம், அது உடம்புக்கேற்ப வளைந்து கொடுக்கும் என்பதால்.

பண்ணைக்காரர் முன்பணம் கொடுத்தார். அட்டையில் பத்தரை, இருபது பாகை, ஒன்றரை அங்குல பெல்ட் என்று எழுதினார் பட்டறைக்காரர். உறையின் துளை பெல்ட் அகலத்துக்குக் கச்சிதமாக இல்லாவிட்டால் அதுவரை பார்த்த அளவெல்லாம் வீண். நடக்க நடக்க நழுவிவிடும். கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி, வாரம் முழுக்க இவர்தானே ஓட்டுகிறார் என்று மறுபடி கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனைவி ஓட்டுவாள்."

"அப்படியானால் அன்றைக்கு இதைக் கட்டாதீர்கள்" என்று சொல்லி, அதையும் அட்டையில் எழுதிக்கொண்டார்.