ஓசூரின் நண்பகல்

ஓசூரில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. நவம்பர்த் தொடக்கத்தில் 12 மணி 2 நிமிட அளவிலும், பிப்ரவரி நடுவில் 12 மணி 33 நிமிட அளவிலும் கதிரவன் உச்சியைக் கடக்கின்றான். மற்றை நாள்களில் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே முன்னும் பின்னுமாக உலவுகின்றான். கைக்கடிகாரத்தின் இரு முட்களும் ஒன்று சேர்ந்துவிட்டன என்பதற்காக லுஹருக்குத் தக்பீர் கட்டுகின்றவர், இவ்வூரில் வக்த்து வருமுன்னரே தொழுகின்றவராவார்.

காரணம் எளிது. 1906 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய நேரம், 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. ஓசூரோ ஏறத்தாழ 77.8 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், நம் ஊர் கடிகாரத்திற்கு ஏறக்குறைய 19 நிமிடம் பின்தங்கி நிற்கின்றது. எஞ்சிய ஏற்றத்தாழ்வு, பூமி தன் அச்சில் சாய்ந்திருப்பதாலும் அதன் பாதை முழு வட்டமாக இல்லாமையாலும் விளைவது.

இக்கணக்கெல்லாம் ஒரு தொழிலாளிக்கு எதற்கு என வாசகர் வினவலாம். நாம் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு டூல்ரூமில் பணியாற்றுகின்றோம். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பகுத்து, அதில் ஒரு பங்கு பிசகினாலும் பொருளைக் கழித்துக்கட்டும் தொழில் அது. பகலெல்லாம் மைக்ரோமீட்டரும் கையுமாக இருப்பவன், மாலையில் நிமிடங்களை அலட்சியம் செய்வது எங்ஙனம்? வீட்டிலும் பழைய சுவர்க்கடிகாரங்களைப் பிரித்துப் பார்ப்பதும், ஈயம் பற்றவைப்பதுமே நமது பொழுதுபோக்கு. மனைவிக்கு அந்தப் புகை பிடிப்பதில்லை.

ஊரும் அதற்கேற்ற ஊர். 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம், கர்நாடக எல்லையோரத்துப் பொட்டல் நிலத்தில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் இங்கிருந்து புறப்பட்டன. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழகத்தின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரிலேயே கடிகார ஆலையை எழுப்பியது. 2002-இல் அது வெளியிட்ட ‘எட்ஜ்’ கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர், உள்ளிருக்கும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்தான். அதனை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தபோது, சுப்ஹானல்லாஹ் என்றே வாய் முணுமுணுத்தது.

குவார்ட்ஸ் கடிகாரத்தின் உயிர், இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு சிறு படிகம். மின்கலத்தின் தூண்டுதலால் அது நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே வந்தால் ஒன்று எஞ்சும். அந்த ஒன்றே நொடிமுள்ளின் ஓரடி. ஆயினும் எத்துணை நுட்பமான படிகமும், கதிரவன் எங்கே நிற்கின்றான் என்பதை அறியாது. அதனை மனிதன் கணித்தாக வேண்டும். அக்காலப் பெரும் பள்ளிவாசல்கள் பலவற்றில் இதற்கென்றே ‘முவக்கித்’ என்னும் அலுவலர் இருந்தார். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரத்து உமையாப் பள்ளிவாசலில் அப்பணியிலிருந்த இப்னுஷ் ஷாதிர், 1371-இல் அதன் மினாராவில் நிழற்கடிகாரம் அமைத்தவர், வானியல் மேதையும்கூட.

நமக்கு வாய்த்தது ஒரு வாடகைக் கட்டிடத்துத் தொழுகைக் கூடம். திருநெல்வேலி, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி எனப் பல ஊர்த் தொழிலாளர் அங்கே கூடுகின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், மார்ச்சுத் தொடக்கத்தில் வந்த ரமலான் அது. முதல் மூன்று நாளும் நாம் இரண்டாம் ஷிப்டில் இருந்தமையால், ஆலையிலேயே நோன்பு திறந்தோம். நான்காம் நாள் கூடத்திற்குச் சென்றபோது, சுவரில் அழகாக அச்சிட்ட நோன்பு அட்டவணை தொங்கிற்று. அது சென்னைக்குரியது! சென்னையில் கதிரவன் ஓசூரைவிட ஒன்பது பத்து நிமிடம் முன்னதாக மறைகின்றான். அந்த அட்டவணையைப் பார்த்து மூன்று மாலைகள் பேரீச்சம்பழம் கடித்தவர்கள், கதிரவன் வானத்திலிருக்கும்போதே கடித்திருக்கின்றனர். ஸஹரில் கேடில்லை, பத்து நிமிடம் முன்கூட்டியே நிறுத்தியிருப்பர். மஃரிபில்தான் நோன்பே போயிற்று.

நிர்வாகப் பெரியவரிடம் சொன்னோம். “தம்பி, இதுவும் தமிழ்நாடுதானே? பெங்களூர்க் கணக்கையா இங்கே ஒட்டச் சொல்கிறீர்கள்?” என்றார். மாநில எல்லையைக் கதிரவன் மதிப்பதில்லை. பெங்களூருக்கும் நமக்கும் ஒரு நிமிடமே வேற்றுமை என்று எவ்வளவோ எடுத்துரைத்தும் அவர் மனம் ஒப்பவில்லை. வார விடுமுறையன்று கூடத்தின் மொட்டை மாடியில் தரையை மட்டம் பார்த்து, ஓர் இரும்புக் கோலைச் செங்குத்தாக நட்டு, அதனைச் சுற்றி வட்டம் வரைந்தோம். அரபு வானியலார் இதற்கு இட்டபெயர் ‘இந்திய வட்டம்’ என்பது. நம் நாட்டுச் சரக்கு அது. காலை 10.31-க்கு நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வந்தது. பெரியவர் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாலை 2.31-க்கு அந்நுனி மறுபுறம் வட்டத்தைத் தொட்டு வெளியேறிற்று. இரண்டிற்கும் நடுவே 12.31, சென்னை அட்டவணையிலோ உச்சிப்பொழுது 12.21 என்றிருந்தது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் தாமே சென்று சுவரிலிருந்த தாளைக் கழற்றினார்.

அதற்குள் நோன்பு ஏழு கடந்திருந்தது. நான்காம் நாள் முதல் சிலர் நம் சொற்கேட்டுப் பொறுத்துத் திறந்தனர். மற்றவர்கள் பழைய கணக்கிலேயே இருந்தனர். இமாம் ஹஜ்ரத், முன்னதாகத் திறந்த ஒவ்வொரு நோன்பையும் களாச் செய்ய வேண்டுமென அறிவித்தபோது, கூடத்தில் எழுந்த பெருமூச்சு இன்னும் நம் காதில் உள்ளது. உலைக்கருகே நின்று வெந்து நோற்ற நோன்புகள் அல்லவா அவை!

இன்று கைப்பேசியே வக்த்துச் சொல்கின்றதே எனலாம். சொல்கின்றது, எந்தக் கணக்கில் என்பதே வினா. நிழல் ஒரு மடங்கு நீண்டதும் அஸர் என்பர் ஷாபிஈகள். இரு மடங்கு என்பர் ஹனபிகள். இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரம் உண்டு. கடற்கரை ஊர்களின் ஷாபிஈகளும் இவ்வட்டாரத்து ஹனபிகளும் ஒரே கூடத்தில் நிற்கும் ஓசூரில், இருவர் கைப்பேசிகள் இருவேறு நேரத்தில் பாங்கு சொல்வது அன்றாடக் காட்சி. வைகறைக்குக் கதிரவன் அடிவானத்தின் கீழ் 18 பாகையில் இருத்தல் வேண்டுமெனச் சில செயலிகளும், 15 எனச் சிலவும் கொள்கின்றன. அதில் மட்டும் பன்னிரண்டு நிமிடத்திற்கு மேல் வேறுபடும். அமைப்புப் பக்கத்தைத் திறந்து பாராமல் ஸஹர் உண்பவர், யாருடைய கணக்கில் உண்கின்றோம் என்பதறியாமலே உண்கின்றார்.

அவ்வாண்டு முதல் ஓசூருக்கென அட்டவணை கணித்து, ஹஜ்ரத்திடம் காட்டி ஒப்புதல் பெற்றுத் தருகின்றோம். கிருஷ்ணகிரி நண்பர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டினர். அவ்வூர் நமக்குக் கிழக்கே இருப்பதால், அங்கே எல்லாம் ஒன்றரை நிமிடம் முன்னதாக நிகழும். ஓசூர்த் தாளைப் பார்த்தே நோன்பு திறக்கலாம், ஸஹருக்கு மட்டும் இரண்டு நிமிடம் முன்னதாகக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லியனுப்பினோம்.