பொம்மைக்கு வெட்கம் வராது

தாதியர் படிப்பில ஒரு பொம்மை உண்டு. ஆளளவுப் பொம்மை. நாடி பார்க்கலாம், ஊசி போடலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம். இது புதுசும் இல்லை. 1911இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆசுபத்திரித் தாதியர் பள்ளிக்கு மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்கிற பெண் அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தார். 'மிஸிஸ் சேஸ்' என்றே அதுக்குப் பேர். இப்ப வாற பொம்மைகள் மூச்சு விடும், இருமும். ஒண்டு மட்டும் செய்யாது: இரவு ரெண்டு மணிக்கு மூத்திரம் முட்டி, ஆரையும் கூப்பிடாமல் தானாகக் கட்டிலால இறங்காது.

என் கூட்டாளிக்கு வந்த பிரச்சினை அதுதான். படுவான்கரையில எங்கட ரெண்டு வீடும் ஒரே ஒழுங்கைக்குள்ள. நான் வந்தாறுமூலையில கலைப்பீடம், அவள் தாதியர் பட்டம். நோயாளி விழாமல் தடுக்கிறது எப்படி என்ற பாடத்துக்கு சிமுலேஷன் பழக வேணும் என்று ஒரு சனிக்கிழமை வந்து நிண்டாள். "நீ நாடகம் படிக்கிறாய்தானே புள்ள, ஒருக்கா நோயாளியா இரன்."

இதுக்கும் ஒரு வரலாறு இருக்கு. ஆளையே நோயாளியாக நடிக்க வைத்துக் கற்பிக்கிற முறையை 1963இல கலிபோர்னியாவில தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் வைத்தியர். எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமில்லை. கூத்தை நேரே களரியில ஏற்றுவதில்லை. அடுக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். தாளம் பிசகினால் அங்க பிசகட்டும். வாட்டில பிசகினால் ஒரு எலும்பு போகும், சில நேரம் உயிரே போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி விழுந்து சாகிறவர்கள் வருசத்துக்குச் சுமார் 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர்.

விறாந்தையில கட்டிலைப் போட்டோம். சேலைன் ஸ்டாண்டுக்குப் பதிலாக உடுப்புக் கொழுவுற தடி. அவள் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். கட்டிலைப் பதித்து வைக்க வேணும், சில்லைப் பூட்ட வேணும், செருப்பும் மூக்குக்கண்ணாடியும் கைக்கெட்ட இருக்க வேணும். எழும்பினதும் நடக்க விடக்கூடாது, காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்சநேரம் இருக்க விடவேணும். பிரசர் குளிசை போடுறவர்களுக்கு அந்த நேரத்திலதான் தலை சுத்தும். விழப்போறவரை இழுத்து நிமிர்த்தப் போகாமல், தன் உடம்போட சாய்த்து மெல்ல நிலத்தில இறக்க வேணும் என்பது எனக்குப் புதுச் செய்தி. கடைசியில கேட்டாள்:

"அம்மம்மா, ஏதும் வேணுமா?"

"ஒண்டும் வேணாம் மனே, நீ போய்ப் படு."

அவள் திரும்பிப் பத்தடி போயிருக்கமாட்டாள். நான் தடியையும் இழுத்துக்கொண்டு இறங்கிட்டன். "ஏன்டி, இப்பதானே வேணாம் எண்டாய்!" என்று கத்தினாள்.

அந்த வசனம் என்னுடையதில்லை. என் அம்மம்மாவுடையது. மூன்று வருசத்துக்கு முந்தி ஒரு ஆசுபத்திரியில அதைச் சொல்லிப்போட்டுத்தான் எழும்பினா. இடுப்பு எலும்பு முறிஞ்சு, பிறகு வளவுக்குள்ள கூட நடக்கவில்லை. வீட்டில எல்லாரும் அந்த இரவு நிண்ட தாதியைத்தான் ஏசினார்கள். "மிஸ் பாவம், தனிய ஓடித்திரியிறா, அவவ எப்பிடி ஒண்டுக்குக் கூட்டிப்போ எண்டு கேக்கிற" என்று அம்மம்மா சொன்னதை ஒருத்தரும் காதில போடவில்லை.

கூட்டாளி மோர்ஸ் அளவுகோலை எடுத்தாள். விழும் ஆபத்தைப் புள்ளியில கணிக்கிறது அது. கிட்டடியில விழுந்திருந்தால் 25, இன்னொரு நோயும் இருந்தால் 15, கையில சேலைன் 20, கதிரை மேசையைப் பிடிச்சு நடந்தால் 30, தளர்ந்த நடைக்கு 10. அம்மம்மாவுக்கு எல்லாம் பொருந்தினது. 100. 45 வந்தாலே கூடின ஆபத்து என்று பொதுவாக எடுப்பார்களாம். தன்னால ஏலாது என்பதை மறக்கிறவர்களுக்கு இன்னும் 15 இருக்கு. அதை மட்டும் நான் போட விடவில்லை. அம்மம்மா ஒன்றையும் மறக்கவில்லை. ஏலாது என்று தெரிஞ்சுதான் எழும்பினா. வெட்கத்துக்கும் இரக்கத்துக்கும் அந்தத் தாளில நிரல் இல்லை.

ஒரு சிமுலேஷனுக்குப் பிறகு இருந்து கதைக்கிறதுதான் முக்கியம் என்று அவங்கட பாடத்திலயும் இருக்காம். அண்டைக்கு நாங்கள் நடிச்சது பத்து நிமிசம், கதைச்சது ஒரு மணித்தியாலம். அவள் படிக்கிறது இங்கிலீசில. கிழவிகள் "வெளிய போகணும்" என்று சொல்றதே பெரிய காரியம். "ஏதும் வேணுமா" என்று கேட்டால் "வேணாம்" என்பதுதான் எங்கட ஊர் மரியாதை. அப்ப கேட்கவே கூடாது என்றாள். திரும்ப நடிச்சோம். இந்தமுறை வந்து, குனிஞ்சு செருப்பை என் காலடியில வைத்தாள்.

"வாங்க அம்மம்மா, படுக்க முதல் ஒருக்கா போயிட்டு வருவம். நானும் அந்தப் பக்கம்தான் போறன்."

எனக்கு மறுக்க வசனம் வரவில்லை.

நாற்பது கட்டிலுக்கு ரெண்டு பேர் நிற்கிற இரவில இது எத்தனை பேருக்கு நடக்கும் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆர் ஆரை முதல்ல கூட்டிப்போறது என்று கொப்பியில எழுதத் தொடங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து வீட்டு மாமா நோயாளி. சாரன் இடறும், காது கொஞ்சம் மந்தம். "ஆத்தில தோணி விட்டவன் நான், என்னைப் பிடிக்க ஒரு பொம்பிளப் புள்ளையா" என்று இப்பவே சொல்லித் திரியிறார். அவரிட்ட செருப்பு வேலை செய்யாது. வேற என்ன சொல்லலாம் என்று ரெண்டு நாளாக யோசிச்சுக்கொண்டிருக்கிறாள்.