கைகாட்டினால் நிற்கிற வண்டி

ஆதனக்கோட்டை வழியாகப் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இன்று ஸ்கூட்டரில் போகிறேன். அங்கன்வாடி வேலைக்குப் போன காலத்தில் அதே சாலையில் சைக்கிள் மிதித்தேன். ஸ்கூட்டரில் முழங்கால் வலி இல்லை. ஆனாலும் மனசு ஏங்குவது அந்த மெதுவான காலைகளுக்குத்தான்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சைக்கிள் சும்மா வந்துவிடவில்லை. 1991-இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்கு வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அங்கன்வாடிப் பணியாளர்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கில் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததும் பார் வைத்த சைக்கிளில் ஏறினோம். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டலாம் என்று பிறகு அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. தெருவில் எழுந்த கேலிப் பேச்சு எதுவும் எங்களை இறக்கிவிடவில்லை.

தினமும் ஒரே வழிதான். ஆனால் ஒருநாள் பார்த்தது மறுநாள் இருக்காது. தை, மாசியில் முந்திரி பூத்துவிட்டால் தோப்பைக் கடக்கும்வரை வாசனை கூடவே வரும். கொட்டை வறுக்கும் இடத்துப் புகை கண்ணைக் கரிக்கும். தைலமரக் காட்டிலிருந்து மயில் திடீரென்று குறுக்கே இறங்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால், ஏத்துமீன் பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

எல்லாவற்றையும்விட நான் இழந்தது மனிதர்களை. சைக்கிளில் வருகிறவளை யாரும் கைகாட்டி நிறுத்தலாம். "டீச்சரு, பேத்தி ரெண்டு நாளா சோறு இறங்காமக் கெடக்கா, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போ தாயி" என்பார் ஒரு கிழவி. எந்த வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள், எந்தப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்பதெல்லாம் மையத்தைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். பதிவேட்டில் எழுதியதில் பாதி, சாலையில் காதில் விழுந்ததுதான். ஸ்கூட்டரில் போகிறவளைக் கூப்பிட்டு யாரும் பேத்தியைப் பற்றிச் சொல்வதில்லை. கூப்பிட வாயெடுப்பதற்குள் வண்டி கடந்துவிடுகிறது.

சாலையும் பழையபடி இல்லை. 2018 நவம்பரில் வந்த கஜா புயல் மாவட்டம் முழுக்க மரங்களைச் சாய்த்துப் போட்டது. முந்திரி, பலா, தென்னை எதுவும் தப்பவில்லை. பல இடங்களில் நிழலே இல்லாமல் போனது. புதிதாக நட்டவை வளர்கின்றன. பழைய தோப்பின் அடர்த்தி இன்னும் திரும்பவில்லை.

மேல்நிலைப் பள்ளியில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் இன்று எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளின் வீட்டு வாசல்களில் நிற்கிறது. அதில் ஏற எங்களைப் போல் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: படிப்பு முடிந்ததும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போகும்போதும் மிதியுங்கள். உங்கள் ஊர் உங்களிடம் பேச வேண்டுமென்றால், நின்று கேட்கிற வேகத்தில் போங்கள்.